கண்ணிலும் சிலிண்டரிலும் விளக்கெண்ணெய்

தருமபுரி
ஞாயிறு, இரவு ஒன்பதரை

அன்புள்ள கோந்து,

போன வாரம் போனில் உன் மருமகன் வைத்த ரசத்தைப் பற்றி நீ சொல்லிக்கொண்டிருந்தபோது நடுவில் "கூ" என்று நீளமாக ஒரு சத்தம் கேட்டதல்லவா? "என்னடி, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் குடிபோய்விட்டாயா?" என்றாய். குக்கர் என்று சொல்லிச் சமாளித்தேன். உன் மகள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், அதனால்தான். குக்கர் அப்படிக் கூவுமா, நீயே சொல். அது எங்கள் வீட்டு ரயில் எஞ்சின். ஆமாம், எஞ்சின். தண்ணீர் ஊற்றி, கரி போட்டு, நெருப்பு மூட்டினால் ஆவியில் ஓடுகிற அசல் எஞ்சின். அதைப் பொம்மை என்று யாராவது சொன்னால் இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது.

பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து இவர் ஓய்வுபெற்று வந்தது 2012-ல். மற்ற ஆம்பிளைகள் மாதிரி திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டு, காபி சூடு ஆறிவிட்டது என்று நொட்டை சொல்லிக்கொண்டு இருப்பார் என்று பார்த்தேன். பி.எஃப். பணத்தில் பழைய லேத் ஒன்றை வாங்கி மாட்டுக் கொட்டகையில் இறக்கினார். ஏழு வருஷம். சக்கரம் ஒரு வருஷம், சிலிண்டர் ஒரு வருஷம், செம்பு பாய்லர் இரண்டு வருஷம். செம்புத் தகட்டை வெள்ளிப் பற்றாசு வைத்து இணைக்க வேண்டும் என்றார். சொல்லிவிட்டு என் கால் கொலுசைப் பார்த்தார் பார், ஒரு பார்வை! அன்றைக்கே கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். பிறகு கடையில்தான் வாங்கினார்.

தண்டவாளத்துக்குத் தண்டவாளம் ஐந்து அங்குல இடைவெளி. என் ஒரு சாண்கூட இல்லை. ஆனால் எஞ்சினைத் தூக்கிப் பார், ரொப்பின காஸ் சிலிண்டர் இரண்டைச் சேர்த்துத் தூக்கின கனம். பின்னால் பலகை வண்டியில் நான்கு பேர் கால் பரப்பி உட்கார்ந்தாலும் இழுக்கிறது. மொரப்பூர் போகிற வழியில் என் தம்பியின் தென்னந்தோப்பில் தொண்ணூறு மீட்டருக்கு ஒரு வட்டம் போட்டிருக்கிறார். இரும்புப் பட்டையைக் குத்துக்கோட்டில் நிறுத்தி, கட்டைக்குக் கட்டை ஆணி அடித்து, எல்லாம் இவர் கையால். தம்பி முதலில் முனகினான். இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவன்தான் விசில் கயிற்றை விடமாட்டேன் என்கிறான்.

ஏன் ஐந்து அங்குலம் தெரியுமா? நம் மொரப்பூர் சின்ன ரயில் இரண்டரை அடிப் பாதையில் ஓடியது. அதில் சரியாக ஆறில் ஒரு பங்கு ஐந்து அங்குலம். 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குப் போட்ட பாதை அது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவர வேண்டும் என்பதற்காகப் போட்டது. 1913-ல் ஓசூர்வரை நீட்டினார்கள், 1941-ல் மூடிவிட்டார்கள். நாம் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட ரயில். என் பாட்டி மட்டும் சாகிறவரை "ரயிலில் வந்தேன்" என்று சொன்னால் அது இந்த ரயில்தான். பெரிய பாதையில் போவதை அவள் "மெயிலு" என்பாள். இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தியாகி சுப்பிரமணிய சிவாவுக்குச் சிறையில் தொழுநோய் வந்தது. அதைக் காரணம் காட்டி அவர் ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்காரன் தடை போட்டான். கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போனவர், 1925-ல் நம் பாப்பாரப்பட்டியில் கண்ணை மூடினார். பக்கத்தில் தருமபுரியிலேயே அந்தச் சின்ன ரயில் புகை விட்டுக்கொண்டு போய் வந்திருக்கிறது. தோப்பில் குழந்தைகள் வண்டியில் ஏற முண்டும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வந்துவிடுகிறது.

சரி, அதை விடு. நான் சொல்லவந்தது எண்ணெய்க் கதை.

எஞ்சின் என்றால் நெருப்பு, ஆவி, விசில் என்றுதான் நானும் நினைத்தேன். கூட வாழ்ந்து பார்த்த பிறகுதான் தெரிகிறது, முக்கால்வாசி எண்ணெய்! பத்து நிமிஷம் ஓட்ட வேண்டும் என்றால் முன்னால் அரை மணி நேரம் எண்ணெய் போடுகிறார், பின்னால் ஒரு மணி நேரம் துடைக்கிறார். என் தலைக்கு எண்ணெய் வைத்துவிடு என்று நாற்பத்தைந்து வருஷத்தில் ஒரு தரம் கேட்டிருப்பேன். கை பிசுபிசுக்கும் என்றார். அந்த மனுஷன் இப்போது முழங்கைவரை எண்ணெயோடு சோற்றுக்கு வந்து உட்காருகிறார்.

வீட்டில் எத்தனை எண்ணெய் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். எனக்கு நான்கு: கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய். அவருக்கு மூன்று: சக்கர அச்சுக்கும் கம்பிகளின் மூட்டுக்கும் மெஷின் ஆயில், சில இடங்களுக்குக் கிரீஸ், சிலிண்டருக்குள் போக ஸ்டீம் ஆயில். எல்லாம் எண்ணெய்தானே, ஒன்றையே ஊற்றினால் என்ன என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "தோசைக்கு விளக்கெண்ணெய் ஊற்றுவியா?" என்றார். பதிலுக்குப் பதில் சொன்னாலும் விஷயம் இருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன் கேள். நம் குக்கரில் வெயிட் போட்டால் உள்ளே ஒரு கிலோ அழுத்தம், சூடு 120 டிகிரி. இந்தப் பாய்லரில் ஆறு கிலோ, சூடு 165 டிகிரி. அந்த ஆவி நேராகச் சிலிண்டருக்குள் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. சாதாரண மெஷின் ஆயிலை அங்கே விட்டால் அந்தச் சூட்டில் தண்ணீராய் இளகிவிடும். போதாக்குறைக்கு ஆவியில் ஈரம் வேறு. எண்ணெயை அலசிக்கொண்டு போய்ப் புகைபோக்கி வழியாக வெளியே துப்பிவிடும். அப்புறம் உலோகத்தோடு உலோகம் உரசிக் கீச்சுக் கீச்சென்று கத்தும். அதனால் ஸ்டீம் ஆயில் என்று தனியாக ஒன்று. தேன் மாதிரி கெட்டி. அதில் கொஞ்சம் மிருகக் கொழுப்பு சேர்ந்திருக்கும்.

கொழுப்பு என்றதும் நான் பூஜை அறைக் கதவைச் சாத்தினேன். தோட்டாவில் கொழுப்பு தடவினதற்கு 1857-ல் என்ன ஆயிற்று என்று நம் வரலாற்று டீச்சர் மூச்சுவிடாமல் சொன்னாரே, ஞாபகமிருக்கிறதா? என் வீட்டிலும் அப்படியொரு கலகம் நடந்தது. "எதுக்குங்க அந்தக் கருமம்?" என்று கேட்டதற்கு இவர் சொன்ன விளக்கம் மட்டும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஆட்டுக்கறிக் குழம்பு வைத்த சட்டியை வெறும் தண்ணீரில் கழுவிப் பார். போகுமா? தண்ணீர் பட்டாலும் போகாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிற அந்தக் குணம்தான் ஈர ஆவிக்கு வேண்டுமாம். சுத்தமான பெட்ரோலிய எண்ணெய்க்கு அந்தக் குணம் இல்லை.

பிறகு என்ன, கறிக்கடையிலிருந்து கால் கிலோ ஆட்டுக் கொழுப்பு வாங்கிவந்து, நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, என் அடுப்பில், என் இலுப்பைச் சட்டியில் உருக்கியிருக்கிறார். தெருமுனையிலேயே வாசனை என்னை வரவேற்றது. எதிர்வீட்டு அம்மா, "இன்னைக்குக் கார்த்திகை ஆச்சே, விசேஷமா?" என்று கேட்டாள். அந்தச் சட்டி இப்போது கொட்டகையில் இருக்கிறது. சமையலறைக்குள் அதற்கு மறுபிரவேசம் கிடையாது.

டூவீலர் மெக்கானிக் பையன் ஒருவன் கியர் ஆயில் ஊற்றச் சொன்னான். கெட்டியாகத்தானே இருக்கிறது என்று இவரும் ஒரு தடவை ஊற்றிவிட்டார். அந்த எண்ணெயில் கந்தகச் சேர்மானம் இருக்குமாம். இரும்புப் பல்சக்கரத்துக்கு நல்லது, செம்பு பித்தளை வெண்கலத்துக்கு ஆகாது. நாலு வாரம் கழித்து வால்வுப் பெட்டியைத் திறந்தால் வெண்கலமெல்லாம் கறுத்துக் கிடக்கிறது, புளி போட்டுத் தேய்க்காத குத்துவிளக்கு மாதிரி. நான் ஒன்றும் சொல்லவில்லை. புளி டப்பாவை மட்டும் எடுத்துக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

சிலிண்டருக்குள் எண்ணெய் எப்படிப் போகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கட்டைவிரல் அளவு பித்தளைக் குப்பி ஒன்று ஆவிக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே எண்ணெய். ஒரு பொடித் துளை வழியாக ஆவி அதற்குள் புகுந்து குளிர்ந்து தண்ணீராகிறது. தண்ணீர் கனம், அடிக்குப் போய்விடும். அது போன அளவுக்கு மேலே மிதக்கிற எண்ணெய் நிரம்பி வழிந்து, அதே துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக ஆவியோடு கலந்து போகும். பம்பு கிடையாது, திருகு கிடையாது. குழம்பில் எண்ணெய் மிதக்கிற அதே சங்கதி! ராஸ்கோ என்று ஓர் ஆங்கிலேயர் 1862-ல் இந்தக் குப்பியை இப்போதுள்ள வடிவுக்குக் கொண்டுவந்தாராம். பத்து வருஷம் கழித்து அமெரிக்காவில் எலைஜா மெக்காய் என்பவர் ஆவி எஞ்சின்களுக்குத் தானாக எண்ணெய் விடும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய அப்பா அம்மா அடிமைத்தனத்திலிருந்து தப்பிக் கனடாவுக்கு ஓடிவந்த கறுப்பர்கள். பிள்ளையை எடின்பரோவுக்கு அனுப்பி எஞ்சினியரிங் படிக்கவைத்தார்கள். படித்துவிட்டு வந்தவருக்கு ரயில்வேயில் கிடைத்த வேலை என்ன தெரியுமா? கரி அள்ளிப் போடுவதும் எஞ்சினுக்கு எண்ணெய் போடுவதும். எண்ணெய் போட்டுப் போட்டே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார் மனுஷன்.

இந்தக் குப்பி வேலை செய்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. எஞ்சின் ஓடும்போது புகைபோக்கிக்கு மேலே ஒரு வெள்ளைக் காகிதத்தை நீட்ட வேண்டும். பொடிப்பொடியாக எண்ணெய்ப் புள்ளி விழுந்தால் உள்ளே நனைகிறது என்று அர்த்தம். வெறும் ஈரம் பட்டால் நிறுத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதம் எடுத்துப் போக மறந்துவிட்டேன். என் சந்தனக் கலர் வாயில் புடவை அந்த வேலையைச் செய்தது. முந்தானை முழுக்கக் கடுகு தாளித்த மாதிரி. "பாரு, லூப்ரிகேட்டர் பிரமாதமா வேலை செய்யுது" என்று சந்தோஷப்படுகிறார்!

உனக்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் இந்த வேலையில் நான் இவருக்கு முன்னாலேயே தேர்ந்தவள். எங்கள் தாத்தா வண்டியில் அச்சுக்குக் கீழே மூங்கில் குழாய் ஒன்று தொங்குமே, மைக்குழாய். வைக்கோலைக் கருக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து அடைத்து வைத்திருப்பார். சந்தைக்குக் கிளம்புவதற்கு முன் கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து அச்சில் அந்த மையைத் தடவுவது என் வேலை. பாவாடையில் பட்டால் ஏழு சலவைக்கும் போகாது. வண்டி கிறீச்சிட்டால் போகிற வழியெல்லாம் ஊர் சிரிக்கும், மாடும் இளைக்கும் என்பார் தாத்தா. இவருடைய எஞ்சினின் அச்சுப் பெட்டியைத் திறந்து காட்டினபோது, "இதைத்தானே நான் எட்டு வயசிலேயே பண்ணினேன்" என்றேன்.

அச்சுக்கு எண்ணெய் போகும் வழியைக் கேட்டால் இன்னும் சிரிப்பாய். சின்ன எண்ணெய்க் கிண்ணம், அதிலிருந்து ஒரு கம்பளி நூல் திரி. விளக்குத் திரி மாதிரியே எண்ணெயை உறிஞ்சி மேலே ஏறி, மறுபக்கம் அச்சின்மேல் சொட்டுகிறது. ஓட்டி முடித்ததும் திரியைத் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் சும்மா நிற்கும்போதும் சொட்டிச் சொட்டிக் கிண்ணம் காலியாகிவிடும். சாமி விளக்கை மலையேற்றுவது போல இதையும் நான்தான் செய்கிறேன். இவருக்கு மறந்துபோகும்.

விளக்கெண்ணெய்க்கு வருகிறேன். நாம் பள்ளிக்கூடத்தில் மந்தமாக இருக்கிறவர்களை "போடி வெளக்கெண்ண" என்று திட்டுவோமே, அது எவ்வளவு பெரிய பாவம் என்று இப்போதுதான் தெரிகிறது. மந்தமாக இருப்பதுதான் அதன் பெருமையே. உலோகத்தைப் பிடித்தால் விடாது. இந்திய ரயில்வே ஒரு காலத்தில் எஞ்சினுக்கும் அதைத்தான் போட்டது, ஸ்டேஷன் விளக்குக்கும் அதைத்தான் ஊற்றியது. காஸ்ட்ரால் என்று பெட்ரோல் பங்க்கில் டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கிறதே, அந்தப் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான காஸ்டரில் இருந்து வந்ததுதான். வேக்ஃபீல்டு என்பவர் 1899-ல் ரயிலுக்கும் கனரக எந்திரங்களுக்கும் எண்ணெய் விற்க ஆரம்பித்த கம்பெனி. 1909-ல் மோட்டாருக்கும் விமானத்துக்கும் விளக்கெண்ணெய் கலந்து ஒன்று செய்து அந்தப் பெயரை வைத்தார்கள். முதல் உலகப் போரில் சுழல் எஞ்சின் விமானம் ஓட்டினவர்கள் அந்த விளக்கெண்ணெய்ப் புகையைச் சுவாசித்துச் சுவாசித்து, இறங்கினதும் ஓடுவார்களாம். எங்கே என்று நான் எழுதவா வேண்டும்? நமக்கு மாசத்துக்கு ஒருநாள் கொடுத்து, மூக்கைப் பிடித்துக் குடிக்கவைத்தார்களே!

நம் பக்கம் கடலைக்காட்டு வரப்பெல்லாம் ஆமணக்கு நிற்கிறது. ஆமணக்குக்கும் மரவள்ளிக்கும் ஆராய்ச்சி நிலையமே பக்கத்துச் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில்தான் இருக்கிறது. அப்புறம் எதற்கு வெளியூர் எண்ணெய் என்று கேட்டேன். இவருக்கும் ஆசை வந்துவிட்டது. முதலில் மெஷின் ஆயிலோடு சரிபாதி கலந்து பார்த்தார். மறுநாள் காலையில் பாட்டிலைப் பார்த்தால் விளக்கெண்ணெய் அடியில், அது மேலே, நடுவில் கோடு கிழித்த மாதிரி. சேர்த்துவைத்தும் ஒட்டாத ஓரகத்திகள். சரி, தனியாகவே விடுவோம் என்று விட்டார். அருமையாக ஓடியது. சத்தமே இல்லை. இரண்டு மாசம் இவர் தரையில் நடக்கவில்லை.

அப்புறம் மகன் வீட்டுக்குப் பெங்களூருக்குப் போனோமா, மூன்று மாசம் தங்கிவிட்டோம். திரும்பி வந்து எஞ்சினைத் தள்ளினால் நகரவில்லை. பிஸ்டன் உள்ளே கோந்து போட்டு ஒட்டின மாதிரி நிற்கிறது. (உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.) காற்றும் சூடும் பட்டால் விளக்கெண்ணெய் இறுகி வார்னிஷ் மாதிரி ஆகிவிடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. தினமும் ஓடுகிற எஞ்சினுக்கு அது அமிர்தம். சும்மா நிற்கிறதுக்கு விஷம். இவர் முகம் செத்துவிட்டது. சுத்தியலை எடுத்தார். நான் பிடுங்கி வைத்துவிட்டு, பக்கத்துத் தச்சரிடம் பாலிஷ் போடுகிற ஸ்பிரிட் அரை பாட்டில் வாங்கிவந்தேன். மற்ற எண்ணெய் ஸ்பிரிட்டில் கரையாது, விளக்கெண்ணெய் மட்டும் கரையும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? தச்சர் மனைவி சொன்னதுதான், அவர்கள் வீட்டுக் கதை அது, தனிக் கடிதத்தில் எழுதுகிறேன். வெந்நீர்த் துணியால் சிலிண்டருக்கு ஒத்தடம் கொடுத்து, ஸ்பிரிட்டை விட்டு, இரண்டு நாள் ஊறவைத்தோம். மூன்றாம் நாள் காலையில் சக்கரம் அரை அங்குலம் அசைந்தது. இவர் கண்ணில் தண்ணீர். ஸ்பிரிட் நெடி என்றார்.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வந்தது. நம் ஊர் போர்த் தண்ணீரைப் பாய்லரில் ஊற்றக்கூடாது. உப்பு உள்ளே பாறையாகப் படிந்துவிடும், சூடு தண்ணீருக்கு ஏறாது. என் வெந்நீர் அண்டாவின் உட்புறம் பார்த்திருக்கிறாயே, அதே கதை. நம் தலைமுறைக்கு அந்தத் தண்ணீரில் இருந்த ஃபுளூரைடு பல்லில் பழுப்புப் பட்டை போட்டுவிட்டுப் போனது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது அதனால்தான் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். ஜப்பான்காரர்கள் கடன் கொடுத்து, 2013-ல் ஒகேனக்கல் குடிநீர் வந்த பிறகு பேரன் பேத்திகளின் பல் வெள்ளையாக இருக்கிறது. அந்தத் தண்ணீரும் எஞ்சினுக்கு ஆகாதாம். மழைத்தண்ணீர்தான் வேண்டும். மொட்டைமாடியிலிருந்து பைப் வைத்து, துணியில் வடிகட்டி, டிரம்மில் பிடிக்கிறார். மனுஷர் குடிப்பது காவிரி, எஞ்சின் குடிப்பது ஆகாசகங்கை.

ஒருமுறை தெருக்காரர் ஒருவர், பாய்லர் வைத்திருக்கிறீர்கள், அரசாங்க அனுமதி உண்டா, வெடித்தால் யார் பொறுப்பு என்று ஆரம்பித்தார். 25 லிட்டருக்குக் குறைந்த பாய்லருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இது ஐந்து லிட்டர்கூடப் பிடிக்காது. ஆனாலும் இவர் வருஷத்துக்கு ஒருமுறை பாய்லரைக் கழுத்துவரை பச்சைத் தண்ணீரால் நிரப்பி, கைப்பம்பால் ஒன்பது கிலோவரை ஏற்றி, அரை மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஓடும்போது இருக்கிற அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு. தண்ணீராக இருந்தால் எங்காவது விட்டுப்போனாலும் பீய்ச்சி அடித்துவிட்டு அடங்கிவிடும், ஆவி மாதிரி வெடிக்காது. அந்தத் தெருக்காரரையும் ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்தார். இப்போது அவருடைய பேரன்தான் கார்டு, பச்சைக் கொடி அவன் கையில்.

உன் சுவிட்சர்லாந்து ஊருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது, தெரியுமா? நீ பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடக்கிற வின்டர்தூரில்தான் நம் ஊட்டி ரயில் எஞ்சின்கள் பிறந்தன. 1871-ல் சார்லஸ் பிரவுன் என்கிற ஆங்கிலேயர் அங்கே தொடங்கின தொழிற்சாலை. 1914-லிருந்து 1952 வரைக்கும் அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு வந்தவற்றை இவர் பொன்மலையில் கழற்றி மாட்டியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் நான்கு சிலிண்டர். சமவெளியில் கீழே உள்ள இரண்டு மட்டும். கல்லாறு தாண்டிப் பல்தண்டவாளம் வந்ததும், கீழே வேலை முடித்த ஆவியை வீணாக்காமல் மேலே உள்ள இரண்டுக்கு அனுப்பிப் பல்சக்கரத்தைச் சுற்றவைப்பார்கள். ஒரே காபித்தூளில் இரண்டாம் டிகாக்‌ஷன்! அதுவும் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றத்தில். 2021-ல் பொன்மலையிலேயே கரி எஞ்சின் ஒன்றைப் புதிதாகச் செய்து அனுப்பினார்கள். அந்தச் செய்தி வந்த பேப்பரை இவர் மடித்து எல்.ஐ.சி. பாலிசியோடு வைத்திருக்கிறார். "நான் ரிட்டையர் ஆனப்புறம் பண்ணியிருக்கானுங்க பாரு" என்று ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. தொழிற்சாலை இருந்த இடம் எப்படி இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. மனுஷர் குளிர்ந்துபோவார்.

ஓட்டி முடித்த பிறகு நடப்பதைப் பார்க்க யாரும் நிற்பதில்லை. விசில் கேட்டு ஓடிவந்த கூட்டம் தேங்காய் பர்பி தீர்ந்ததும் கலைந்துவிடும். அப்புறம் நாங்கள் இரண்டு பேர்தான். அழுத்தம் கொஞ்சம் இருக்கும்போதே பாய்லரின் அடிக்குழாயைத் திறந்து மண்டியோடு தண்ணீரைச் சீறவிடுவார். குழாய்களுக்குள் தூரிகை விட்டுப் புகைக்கரி எடுப்பார். சாம்பலை ஒரு பொட்டு இல்லாமல் அள்ளிவிட வேண்டும். அதில் ஈரம் பட்டால் இரும்பை அரித்துவிடும். நான் குப்பியின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, எவ்வளவு எண்ணெய் செலவாகியிருக்கிறது என்று பார்ப்பேன். குறையவே இல்லை என்றால்தான் பயம். அப்புறம் சூடு ஆறுவதற்குள் சிலிண்டரில் நாலு சொட்டு விட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டி, கிரசின் துணியால் துடைத்து... இருட்டிவிடும். பேசிக்கொள்ளவே மாட்டோம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார் என்பார்களே, அப்படி ஒவ்வொரு மூட்டாகப் பார்ப்பேன். போன மாசம் இணைப்புக் கம்பியில் ஒரு நட்டு தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தது நான். "நீ லோகோ ஷெட்டுல இருந்திருக்கணும்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இவர் எனக்குக் கொடுத்த சர்ட்டிபிகேட் இது ஒன்றுதான்.

தைப்பூசத்துக்குக் குமாரசாமிப்பேட்டைத் தேரை இந்த வருஷமும் இழுத்தேன். பெண்கள் மட்டும் வடம் பிடிக்கிற தேர் என்று உன் பேத்தியிடம் சொன்னாயா? நம்பமாட்டாளே! தேர் நகரும்போது எல்லாரும் சாமியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். என் கண் அச்சுக்குப் போயிற்று. கொஞ்சம் கிறீச்சிட்டது. பழக்கதோஷம்.

மே மாசம் நீ வரும்போது இவருக்கு ஒரு லிட்டர் ஸ்டீம் ஆயில் வேண்டுமாம், 460 என்று டப்பாவில் போட்டிருக்குமாம். பெட்டியில் கசிந்தால் புடவை போயிற்று, அதனால் நான் சொன்னதாகச் சொல்லாதே, கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு.

கடைசியாக ஒன்று. திட்டமாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் படி. போன மாசம் உன் மகளின் சிநேகிதி கையில் உன் முழங்காலுக்கு ஒரு பாட்டில் விளக்கெண்ணெய் கொடுத்தனுப்பினேனே, செக்கில் ஆட்டினது, நல்ல கெட்டியாக இருக்கிறது, வலி பறந்துவிட்டது என்று நீகூடப் பாராட்டினாயே. நேற்று அலமாரியைத் துடைக்கும்போது பார்த்தேன், உனக்காக எடுத்துவைத்த பாட்டில் இங்கேயே இருக்கிறது. கொட்டகைப் பாட்டில்தான் ஒன்று குறைகிறது. அதில் ஆட்டுக் கொழுப்பு உண்டு. வெள்ளி செவ்வாயில் தடவாதே.

உன் பழைய பெஞ்சுக்காரி